மாடலை விட நிலைமையைப் பாருங்கள்

வெஸ்ட்செயில் 32, கேட்டலினா 30 ஆகிய இரண்டு பழைய பாய்மரப் படகுகளில் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு, நான் படித்த ஒரு கட்டுரை எடையையும் கீலையும் (படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் பகுதி) மட்டும் பார்த்து முதலாவதைப் பரிந்துரைக்கிறது. வெஸ்ட்செயில் உறுதியானதுதான். 1991 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கடலோரத்தில் வீசிய புயலில், அதில் இருந்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்ட பிறகு, தானாகவே மிதந்து கரை ஒதுங்கிய 'சடோரி' என்ற படகு அந்த ரகம்தான். ஆனால் ஏறக்குறைய 9 டன் எடையை வைத்துக்கொண்டு இளங்காற்றில் அது லேசில் நகராது. விடுமுறையில் கரையோரமாகப் போய்வரும் குடும்பத்துக்கு, அதில் பாதி எடையுள்ள கேட்டலினாவே போதும். உள்ளே இடமும் தாராளம்.

இரண்டுமே பழசு என்பதால், இத்தனை வருஷம் எப்படிப் பராமரித்தார்கள் என்பதுதான் முக்கியம். கேட்டலினாவில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பிடித்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்தால் உள்ளே இருக்கும் ப்ளைவுட் தடுப்பு ஊறி மக்கிவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கே அழுத்திப் பாருங்கள். கறுத்துப்போய் மெத்தென்று அமுங்கினால் பெரிய வேலை காத்திருக்கிறது. வெஸ்ட்செயிலில் பட்டைகள் வெளிப்பக்கம் இருப்பதால் சோதிப்பது சுலபம்.

அப்புறம், மேல்தளம் முழுக்கப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம் இருக்கலாம். பாய்மரக் கம்பிகளைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். 15 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் புதுக் கம்பிக்கான செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.