தம்பிக்கு ரெகுலர், அக்காவுக்கு கரஸ்

ஐஐடி மெட்ராஸ் 2020-ல் இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பை ஆரம்பித்ததிலிருந்து, 'இனிமேல் கல்லூரிக் கட்டடம் எதற்கு?' என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அது நல்ல படிப்புதான். ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதத் தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பாதியில் நின்றாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. ஆனால் தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். கட்டடம் வேண்டாம் என்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்து படிப்பது நமக்கொன்றும் புதிதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல்வழியில், அதாவது நம் வீடுகளில் 'கரஸ்' என்று சொல்லும் கரஸ்பாண்டன்ஸில், பட்டப்படிப்பு நடத்தியது. நம் பக்கம் மதுரை காமராசர், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தது. வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்கிப் பதவி உயர்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என்னுடைய எம்.ஏ.வும் கரஸ்தான். என்னால் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம் ஸ்டடி மெட்டீரியல் இல்லை (அதைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்). அதற்கு முன் மூன்று வருடம் ஒரு கல்லூரியில் உட்கார்ந்திருந்தேன். நூலகத்தில் எதைத் தேடுவது, குறிப்பு எப்படி எடுப்பது, புரியாததை யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அங்கே பழகியது.

அந்த மூன்று வருடமே கிடைக்காத பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதிலும் பெண் பிள்ளை.

"பொம்பளப் புள்ள அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகணுமா? கரஸ்ல போட்டுவிடு." இந்தப் பேச்சு நம் வீடுகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. தம்பிக்குக் கடன் வாங்கியாவது இன்ஜினியரிங் சீட், அக்காவுக்கு கரஸ்ல பி.ஏ. இப்போது அதே பேச்சுக்கு ஒரு கௌரவம் சேர்ந்துவிட்டது. "ஐஐடியே ஆன்லைன்ல நடத்துதாம், உனக்கென்ன?" வீட்டில் இருப்பது ஒரு போன், அது பெரும்பாலும் தம்பி கையில் இருக்கும். வீடியோ பாதியில் இருக்கும்போது "குக்கரை ஆஃப் பண்ணு" என்று சத்தம் வரும். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் பாடம் ஒரு பாதிதான். தினமும் வீட்டை விட்டு வெளியே வர யாரும் கேள்வி கேட்காத ஒரே காரணம் பல வீடுகளில் இன்றும் கல்லூரி மட்டும்தான். வேறு தெரு, வேறு சாதித் தோழி, என்எஸ்எஸ் முகாம், தனியாக பேங்குக்குப் போய்க் கணக்கு தொடங்குவது எல்லாம் அதற்குள் வருகிறது.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அதில் இடமில்லை. இதைப் பாரபட்சம் என்று திட்டுபவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. பதினெட்டு வயதில் கரஸில் சேர்ந்தாலும் ஆயிரம் வரும் என்றால், பணத்தையும் வாங்கிக்கொண்டு பெண்ணையும் வீட்டோடு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய இருக்கும்.

ஆனால் கல்யாணம், குழந்தை என்று படிப்பை விட்டுவிட்டு முப்பது வயதுக்கு மேல் கரஸில் சேரும் பெண்கள் கதை வேறு. தேர்வுக் கட்டணத்துக்குக்கூட வீட்டில் கை நீட்ட வேண்டியவர்கள் அவர்கள். அந்த ஆயிரத்தை இவர்களுக்குக் கொடுக்கலாம். சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளின் வகுப்பறையையும் நூலகத்தையும் இவர்களுக்குத் திறந்துவிடலாம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் கேட்டில் நிறுத்தாமல்.