வைஸுக்கு செக்ல கையெழுத்து உண்டா?

(பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க் பக்கத்துல மன்ரோவில். 2024 அக்டோபர் 20, ஞாயித்துக்கிழமை காலை. டைனிங் டேபிள் முழுக்க தேர்தல் நோட்டீஸ். மன்னார்குடிலேருந்து பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கிற ரிட்டயர்டு வாத்தியார் மாமனார் அதுல ஒன்ன விரிச்சு வச்சு வெங்காயம் உரிச்சுட்டு இருக்கார். எதிர்ல மாப்பிள்ளை, லேப்டாப்போட. மாப்பிள்ளையோட தபால் ஓட்டுச்சீட்டு, கூட வந்த ரெண்டு கவரோட பத்து நாளா ஃப்ரிட்ஜ் மேல கெடக்கு.)

மாமா: நேத்து மட்டும் பதினோரு நோட்டீஸ் மாப்ள. என்னா கெட்டி அட்டை! எங்க ஊர்ல இப்படி அடிச்சா கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிருவாங்க.

மாப்ள: எல்லாம் எனக்காகத்தான் மாமா. இது ஸ்விங் ஸ்டேட், எந்தக் கட்சிப் பக்கமும் சாயலாம், ஜனாதிபதிய முடிவு பண்ற எலக்டோரல் ஓட்டு இங்க 19, அதுல நான் இன்னும் முடிவு பண்ணாதவன். எனக்குன்னே மரம் வெட்டுறாங்க.

மாமா: என் பொண்ணு போன வாரமே போட்டு அனுப்பிட்டாளே.

மாப்ள: அவ எதையும் சட்டுனு பண்ணிருவா.

மாமா: நீங்க மிக்ஸி வாங்க எட்டு மாசம் ரிவ்யூ படிச்சவராச்சே. சரி, இப்ப எதுல நிக்குது?

மாப்ள: மேல இருக்கற ட்ரம்ப், கமலா ஹாரிஸ் ரெண்டு பேரையும் யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு மாமா. அதான் கீழ இருக்கற பேர வச்சு முடிவு பண்ணிரலாம்னு பாக்குறேன். ரன்னிங் மேட்.

மாமா: ரன்னிங்கா? ட்ரம்ப்புக்கு 78 வயசு, எங்க ஓடுறாரு?

மாப்ள: வைஸ் பிரசிடென்ட்டைச் சொல்றேன்.

மாமா: அட, வைஸா! அத மொதல்லயே சொல்றதில்லையா. எங்க ஊராட்சில தலைவர விட வைஸுக்குத்தான் மவுசு, ஏன்னா செக்ல தலைவரும் வைஸும் ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், வைஸு கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா தெருவுல பல்பு கூட மாத்த முடியாது. இங்க வைஸுக்கு செக் பவர் உண்டா?

மாப்ள: கெடையாது. செனட்டுல, அதான் மேல்சபைல, ரெண்டு பக்கமும் சரிசமமா நின்னா ஒரு ஓட்டு போடலாம். இப்ப வைஸா இருக்கற கமலா 33 தடவை போட்டாங்க, அதுதான் ரெக்கார்டு, அதுக்கு முன்னாடி 19-ம் நூற்றாண்டுல கால்ஹூன்னு ஒரு வைஸு 31.

மாமா: மத்த நேரத்துல?

மாப்ள: ஜனாதிபதிக்கு ஏதாவது ஆகுதான்னு பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

மாமா: சிவ சிவ. இதெல்லாம் ஒரு உத்தியோகமா?

மாப்ள: நடந்திருக்கு மாமா, ஒன்பது தடவை! எட்டு பேர் பதவில இருக்கும்போதே செத்துட்டாங்க, நிக்சன் ராஜினாமா பண்ணாரு. 1945-ல ட்ரூமன் வைஸாகி 82 நாள்தான், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் செத்துட்டாரு, அதுக்கப்புறம்தான் அணுகுண்டு செய்யற வெவரமே இவருக்கு முழுசா சொல்றாங்க. இன்னொரு பக்கம் 1925-ல டாஸ்னு ஒரு வைஸு, செனட்டுல முக்கியமான ஓட்டு சரிசமமா வந்து நிக்கிது, மனுஷன் ஹோட்டல் ரூம்ல தூங்கிட்டாரு. எழுப்பி ஓடி வர்றதுக்குள்ள கவுந்துருச்சு.

மாமா: சாப்டுட்டு செத்த கண்ணசர்றது ஒரு குத்தமா மாப்ள? (கொஞ்சம் கோவமா ஒரு வெங்காயத்தை உரிக்கிறார்) சரி, இந்த ஆள யாரு பொறுக்குறது?

மாப்ள: ஜனாதிபதி வேட்பாளர்தான். ஒரு பெரியவர கூப்பிட்டு நல்ல ஆளா பாருங்கன்னு பொறுப்பு குடுப்பாங்க, அவரு பத்து பேரோட வரிக்கணக்கு, பழைய பேச்சு, வியாதி, வம்பு தும்பு எல்லாம் நோண்டி எடுப்பாரு. 2000-ல ஜார்ஜ் புஷ் அந்த வேலைய டிக் செனிகிட்ட குடுத்தாரு. செனி எல்லாரையும் நோண்டி முடிச்சாரு, கடைசில யாரு வைஸு தெரியுமா?

மாமா: யாரு?

மாப்ள: செனி.

மாமா: (கத்தியக் கீழ வச்சுட்டு) மாப்பிள்ளை பாக்கப் போன தரகரே மணவறைல உக்காந்துட்டாரா! பொண்ணு வீட்ல ஒண்ணும் சொல்லலையா?

மாப்ள: எட்டு வருஷம் குடும்பம் நடத்தினாங்க மாமா.

மாமா: சரி, இப்ப உங்க ரெண்டு வைஸு யாரு, சொல்லுங்க.

மாப்ள: ட்ரம்ப்புக்கு ஜே.டி. வான்ஸ், பக்கத்துல ஒஹாயோகாரரு. அவர் மனைவி உஷா நம்ம ஆந்திரா வம்சாவளி. மில்வாக்கில நடந்த கட்சி மாநாட்டுல அவங்களே சொன்னாங்க, வான்ஸ் உஷாவோட அம்மாவுக்காக இந்தியச் சமையல் கத்துக்கிட்டாராம்.

மாமா: (ரொம்ப நேரம் பேசாம மாப்பிள்ளையப் பாக்கிறார்) நான் வந்து ரெண்டரை மாசமாச்சு மாப்ள. உங்க கையால ஒரு காபி குடிச்சதில்ல.

மாப்ள: போடுறேன் மாமா, இத முடிச்சுட்டு. இந்தப் பக்கம் கமலாவுக்கு டிம் வால்ஸ், மினசோட்டா கவர்னர், அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல ஜாக்ரபி வாத்தியார்.

மாமா: ஜாக்ரபியா? முடிஞ்சுது போங்க. அவருக்கே போடுங்க. தவிர கமலா எங்க ஊர்ப் பேத்தி, தாத்தா கோபாலன் துளசேந்திரபுரம், இன்னைக்கு அதுக்கு 60 முடியுது, ஊர்ல இருந்தா மணிவிழா பண்ணி சாப்பாடு போட்ருப்போம்.

மாப்ள: அப்படிப் போட முடியாது மாமா. எனக்கு வால்ஸ் மேல ஒரு கேள்வி. நம்ம கவர்னர் ஷபிரோ பேரும் அடிபட்டுச்சு, அவர எடுத்திருந்தா பென்சில்வேனியா கெடச்சிருக்கும்னு ஆபீஸ்ல பாதிப் பேர் சொல்றான். 1960-ல கென்னடி, டெக்சாஸ்காரரு ஜான்சன வைஸா போட்டு டெக்சாஸ ஜெயிச்சாரு. ஆனா 2004-ல எட்வர்ட்ஸ் வைஸுக்கு நின்னும் அவரு சொந்த மாநிலம் நார்த் கரோலினா போச்சு, 2012-ல ரையன் நின்னும் அவரோட விஸ்கான்சின் போச்சு. அதனால அந்தக் கணக்கும் நிக்கல.

மாமா: டிவில ரெண்டு வைஸும் மோதிக்கிட்டாங்களாமே, அதப் பாத்து முடிவு பண்றது?

மாப்ள: அக்டோபர் 1-ந் தேதி ராத்திரி முழுசா பாத்தேன். அங்கதான் மாமா குடி முழுகுச்சு. அடிச்சுப்பாங்கன்னு பாத்தா ரெண்டு பேரும் மரியாதையா பேசிக்கிட்டாங்க, அவரு சொல்றதுல நியாயம் இருக்குன்னு இவரு, இவரு சொல்றதுல இருக்குன்னு அவரு. எனக்கு ரெண்டு பேரையும் புடிச்சுப் போச்சு.

மாமா: அப்ப அந்தக் கட்சில தலைவர், இந்தக் கட்சில வைஸுன்னு மாத்திப் போட முடியாதா?

மாப்ள: 1796-ல அப்படித்தான் ஆச்சு! ரெண்டாவதா வர்றவரு வைஸு. ஆடம்ஸ் ஜனாதிபதி, அவர எதுத்து நின்ன ஜெஃபர்சன் வைஸு.

மாமா: வெளங்குமா?

மாப்ள: வெளங்கல. அடுத்த தடவை இன்னும் மோசம், ஜெஃபர்சனும் அவரோட சேந்து நின்ன பர்ரும் எலக்டோரல் ஓட்டுல 73-க்கு 73, கீழ்சபைல 36 தடவை ஓட்டெடுத்துத்தான் முடிஞ்சுது. 1804-ல சட்டத்தையே திருத்திட்டாங்க. அதே வருஷம் அந்த பர்ரு வைஸா இருக்கும்போதே முன்னாள் நிதி மந்திரி ஹாமில்டனச் சுட்டுக் கொன்னாரு.

மாமா: எங்க வைஸு எவ்வளவோ தேவலாம். தங்கச்சி வீட்டுக்குத்தான் போவாரு.

மாப்ள: இதுல என் பாயிண்ட் என்னன்னா மாமா, இவங்க நான் அது பண்ணுவேன் இது பண்ணுவேன்னு சொல்றதெல்லாம் வெறும் வாய்தான், ஆனா வைஸ எடுக்கறது ஒண்ணு மட்டும் நம்ம கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுற வேலை, ஆள் எடுக்கத் தெரியுதா, அவசரப்படுறாங்களா, எடுத்த ஆளக் காப்பாத்துறாங்களா எல்லாம் தெரிஞ்சுரும். 1972-ல ஜனாதிபதிக்கு நின்ன மெக்கவர்ன், ஈகிள்டன்னு ஒருத்தர வைஸா அவசரமா எடுத்தாரு, அவரு மன அழுத்தத்துக்கு ஷாக் சிகிச்சை எடுத்தது வெளிய வந்துச்சு. 1000 சதவீதம் கூட நிப்பேன்னாரு மெக்கவர்ன், 18-வது நாள் ஆள மாத்திட்டாரு. கடைசில 49 மாநிலம் தோத்தாரு.

மாமா: வைஸாலயா தோத்தாரு?

மாப்ள: அது... நிறைய காரணம் இருக்கு.

மாமா: சொதப்பின வைஸோட ஜெயிச்சவங்களும் இருப்பாங்கல்ல?

மாப்ள: (மெதுவா) 1988-ல புஷ்ஷோட அப்பா, க்வேலோட. விவாதத்துல க்வேல எதிராளி வறுத்து எடுத்துட்டாரு. ஆனா 40 மாநிலம் ஜெயிச்சாங்க. க்வேல் அப்புறம் ஒரு ஸ்கூல்ல உருளைக்கிழங்குக்கு ஸ்பெல்லிங் தப்பா சொல்லிக் குடுத்தாரு.

மாமா: ஆக வைஸப் பாத்து எவனும் ஓட்டு போடல.

மாப்ள: நான் போடுவேன்.

மாமா: அப்ப போடுங்க! சீட்ட எடுங்க, இப்பவே, என் கண்ணு முன்னாடி.

(மாப்பிள்ளை வீராவேசமா எழுந்து ஃப்ரிட்ஜ் மேலேருந்து எடுக்கிறார். சீட்டு இருக்கு. பெரிய கவர் இருக்கு.)

மாப்ள: உள்ள போடற சின்னக் கவர் எங்க? அது இல்லாம அனுப்பினா ஓட்ட எண்ணவே மாட்டாங்க மாமா.

மாமா: (கண்ணத் தொடைச்சுட்டு) பேர் எழுதாத கவரா? இங்கிலீஷ்ல அஃபீஷியல்னு என்னமோ போட்டிருந்துச்சே?

மாப்ள: அதேதான்!

மாமா: போன வாரம் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் குங்குமத்தை அதுலதான் போட்டு வச்சேன். ஊருக்கு எடுத்துட்டுப் போக கெட்டியா இருந்துச்சு.

(மாப்பிள்ளை மொகம் மெல்ல மெல்ல மலருது.)

மாப்ள: பரவால்ல மாமா! சீட்டையும் பெரிய கவரையும் பூத்துல திருப்பிக் குடுத்துட்டு நேர்லயே போட்டுக்கலாம். நவம்பர் 5. இன்னும் பதினாறு நாள் இருக்கு!

மாமா: அந்த காபியாவது இன்னைக்குக் கெடைக்குமா?

மாப்ள: இதோ மாமா. ஃபில்டரா, இன்ஸ்டன்டா?

மாமா: எதுவா இருந்தாலும் சரி.

மாப்ள: அப்படிச் சொல்லாதீங்க மாமா, ரெண்டுலயும் ஒரு நல்லது இருக்கு... (லேப்டாப்ப திரும்பத் தொறக்கிறார்)

மாமா: (உள்பக்கம் திரும்பி) அம்மாடி! காபிய நீயே போட்ரும்மா!