ஆடிக் கூழை விட்டுட்டீங்களே

புளிக்க வச்ச சாப்பாட்ட பத்தின உங்க கட்டுரைல, பருவம் மாறும்போது வெளிநாட்டு ஜனங்க ஒண்ணா கூடி பாட்டு பாடி கிம்ச்சி (கொரியாவுல புளிக்க வைக்கிற முட்டைக்கோஸ்), புளிக்க வச்ச ரொட்டின்னு பகிர்ந்து சாப்புடுறாங்கன்னு எழுதியிருக்கீங்க, நல்லாதான் இருக்கு, ஆனா அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? ஆடி ஞாயித்துக்கிழமைல வடசென்னை தண்டையார்பேட்டை பக்கம் வாங்க, தெருவுக்கு தெரு அம்மன் கோயில் வாசல்ல கூழ் ஊத்துவாங்க.

எங்க ஆயா முந்தின நாளே கேழ்வரகு மாவ கரைச்சு மூடி வச்சிடும். மறுநாள் மூடிய தொறந்து பாக்கும், மேல சின்ன சின்னதா குமிழ் கிளம்பியிருந்தாதான் அடுப்ப பத்த வைக்கும், இல்லன்னா யார் சொன்னாலும் கேக்காது. நொய் வெந்ததும் புளிச்ச மாவ ஊத்தி கட்டி தட்டாம கிண்டிக்கினே இருக்கணும், கை வுட்டுப் போவும். அப்புறம் மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்க முருங்கக்கீரை, கருவாட்டுக் கொழம்பு (எழுதும்போதே நாக்குல தண்ணி). ஒரு பக்கம் பம்பை உடுக்கை, ராத்திரி ஆனா பசங்க கானா.

அப்பல்லாம் ஆளுக்கொரு தூக்கு, சொம்புன்னு எடுத்துக்கினு நிப்போம், குப்பையே இல்ல. இப்ப எல்லாம் பேப்பர் கப்பு, உள்ள பிளாஸ்டிக் பூச்சு, 2019 ஜனவரி 1லேந்து தமிழ்நாட்டுல தடை பண்ணதுல அதுவும் ஒண்ணு, ஆனா போன வருஷம் எங்க தெரு கால்வா ஓரம் பூரா அதான் கெடந்துச்சு. கேட்டா "சொம்பு யாருண்ணே எடுத்துனு வரா"ன்றான் ஒரு தம்பி.

ஆயாவோட பித்தளை தூக்கு பரண்ல இருக்குது, புளிப்புக்கு ஈயம் பூசாம எடுக்க முடியாது. இந்தப் பக்கம் ஈயம் பூசுறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா.