அந்த ஃபோம் டப்பாவைக் கீழே வைடா

(பழைய மரச்சட்ட வீடு. அக்கா ஸ்வெட்டர், சால்வை, குல்லா என எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி ஒரு கையில் டிரில், மறு கையில் ஃபோம் டப்பாவோடு வருகிறான்.)

தம்பி: சுவரில் அங்கங்கே ஓட்டை போட்டு இந்த ஃபோமை உள்ளே அடித்துவிட்டால் போதும், அக்கா. சாயங்காலம் நீயே குல்லாவைக் கழற்றிவிடுவாய்.

அக்கா: உள்ளே என்றால் எங்கே? தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கம்புகளைப் பின்னி, மேலே களிமண்ணை அப்பிய சுவர்டா அது. காலியிடம் ஏது? அடிக்கிற ஃபோம் திரும்பி உன் மூஞ்சிக்குத்தான் வரும்.

தம்பி: சரி, வெளிப்பக்கம் சிமெண்ட் பூசி அடைத்துவிடலாம்.

அக்கா: ஈரக் காற்றில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்குமா? இரண்டும் சேருகிற இடத்தில் விரிசல் விடும், மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும், ஆனால் வெளியே வந்து காய்வதற்குத்தான் வழி இருக்காது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

தம்பி: அப்போ உள்பக்கம்! பிளாஸ்டிக் தாள், தெர்மோகோல், அதன் மேல் ஜிப்சம் போர்டு.

அக்கா: நாம் சமைக்கிறோம், குளிக்கிறோம், நீ வேறு ஓயாமல் பேசுகிறாய். அத்தனை நீராவியும் ஏதோ ஒரு இடுக்கு வழியாகத் தாளுக்குப் பின்னால் போய், குளிர்ந்த மரத்தில் பட்டுத் தண்ணீராகும். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

தம்பி: நான் பேசுவதாலா உத்தரம் உளுத்துப்போகிறது?

அக்கா: பாதிக்குப் பாதி.

தம்பி: இந்தத் தூணையாவது மூடலாம். யாரோ கண்டபடி கீறி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது.

அக்கா: விரலை வைத்துத் தடவிப் பார். மூன்று கோடு. இதில் சொருகியிருக்கிற சாய்சட்டத்திலும் அதே மூன்று கோடு. தச்சர் போட்ட அடையாளம்டா அது. எல்லா மரத்தையும் தரையில் கிடத்தி அறுத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, அப்புறம் தூக்கி நிறுத்தும்போது எது எதோடு சேரும் என்று தெரிய வேண்டாமா?

தம்பி: அட, நான் வாங்கிய ரெடிமேட் பீரோவில் ஒட்டியிருந்த நம்பர் மாதிரி! அதைப் பூட்டி முடித்தபோது நாலு திருகு மிச்சம்.

அக்கா: இங்கே எதுவும் மிச்சமில்லை, அதனால்தான் இன்னும் நிற்கிறது. டப்பாவை வைத்துவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்து. குளிர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

(தம்பி ஊதுபத்தியோடு சுவரோரமாக நடக்கிறான். தூணும் பூச்சும் சேரும் இடத்தில் புகை லேசாக நடுங்குகிறது, ஜன்னல் சட்டத்தருகே வளைகிறது, பழைய கணப்படுப்பின் முன்னால் வந்ததும் சரேலென்று மேலே போகிறது.)

தம்பி: அக்கா! புகைபோக்கி அப்படியே இழுக்கிறது!

அக்கா: இத்தனை நாளாக ஆகாயத்துக்கு ஹீட்டர் போட்டிருக்கிறோம். கம்பளியை உருட்டி அடை. முழுக்க அடைக்காதே, கொஞ்சமாவது காற்று ஓடாவிட்டால் புகைபோக்கி உள்ளுக்குள்ளேயே நனையும். அப்புறம் ஒரு சீட்டு எழுதித் தொங்கவிடு, யாராவது தெரியாமல் தீ மூட்டிவிடப் போகிறார்கள்.

தம்பி: ஜன்னலைக் கழற்றிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல்...

அக்கா: வாயைக் கழுவு. அதே ஜன்னலுக்கு உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி மாட்டினால் குளிரும் குறையும், சத்தமும் குறையும், தெருவில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி: அப்போ சுவருக்கு ஒன்றுமே கிடையாதா?

அக்கா: இருக்கிறது, கடைசியில். தூண்களுக்கு நடுவே மட்டும் மெல்லிய மரநார்ப் பலகை, மேலே சுண்ணாம்புச் சாந்து. இரண்டும் ஈரத்தை வாங்கும், திருப்பியும் விடும். தூண் அப்படியே கண்ணுக்குத் தெரியும். ரொம்பத் தடிமனாக வைக்கக் கூடாது, வைத்தால் வீட்டுச் சூடு படாமல் வெளிச்சுவர் இன்னும் குளிர்ந்து, ஈரம் அங்கேயே தங்கிவிடும். முதல் வேலை பரண்தான், சூடு மேலேதானே போகிறது. 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆட்டுக் கம்பளியைப் பரப்பு, கூரை இறங்குகிற ஓரத்தில் மட்டும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விடு. அங்கே காற்று ஓடியே ஆக வேண்டும்.

தம்பி: பரப்பு, விடு என்றால்... நானா?

அக்கா: ஏணி பின்னால் இருக்கிறது.

தம்பி: அக்கா, பரணில் எலி கிலி ஒன்றும் இல்லையே?

அக்கா: இப்போது இல்லை. குளிர் தாங்காமல் போன வாரமே உன் அறைக்கு வந்துவிட்டது.