ஷாக் சிகிச்சைக்கு இந்தியாவில் தடையா?

"2017 மனநலச் சட்டம் வந்ததும் ஷாக் ட்ரீட்மென்ட்டை மொத்தமாகத் தடை பண்ணிட்டாங்க, இப்ப கொடுத்தா குற்றம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அந்தச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடுப்பது, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் மின்னதிர்வு தருவதை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர் சம்மதத்தோடு மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். எந்த வயதுக்காரருக்கும் அவசர சிகிச்சை என்ற பெயரில் கொடுக்க முடியாது. அது 94ஆம் பிரிவு. மற்றபடி சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது. (நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் இதே 95தான் தடுக்கிறது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் இறந்த 2001 ஏர்வாடி தீ விபத்து ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்த வரியின் கனம் புரியும்.)

சினிமாவில் கட்டிலில் கட்டிப்போட்டுத் துடிக்கவிடுவார்களே, அதை மனதில் வைத்துப் பேசாதீர்கள். இப்போது ஆள் மயக்கத்தில் இருப்பார், பல்லுக்கிடையே ஒரு தடுப்பு வைப்பார்கள், மின்சாரம் தூண்டும் வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உடம்பில் பெரிதாக அசைவே தெரியாது. வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் 6 முதல் 12 வரை.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவு பலருக்குக் கலங்கும். சிலருக்குப் பழைய நினைவுகளிலும் ஓட்டை விழும். அதை முன்னாலேயே சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

ஆனால் சாப்பாடு தண்ணீர் இறங்காமல், பேச்சில்லாமல், சிலை மாதிரி உறைந்துபோன கேட்டடோனியா நோயாளிக்கு மாத்திரை கேட்காதபோது முதலில் யோசிப்பது இதைத்தான். அந்த வீட்டுக்காரர்கள் "மொத்தமாகத் தடை" என்ற வரியைப் படித்துவிட்டு மருத்துவரிடம் சண்டைக்குப் போகக்கூடாது, அதற்காகத்தான் எழுதினேன்.