மணமுறிவுக்கான காரணம் வேறு, பிள்ளையின் நலன் வேறு

"மனைவிக்கு வேறு உறவு இருந்தது நிரூபணமானால் பிள்ளைகள் தந்தைக்கே" என்று மணமுறிவு பற்றிய ஒரு கட்டுரையில் வரும் வரியை ஏற்க இயலவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பெண்களை மிரட்டுவதற்கு இதே பேச்சுத்தான் பயன்படுகிறது.

முஸ்லிம் அல்லாத மலேசியர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, துணையின் பிறர் உறவையும், அவருடன் வாழ்வது மற்றவருக்குச் சகிக்க முடியாததாகிவிட்டதையும் மணமுறிவுக்கான காரணமாகக் கருதுகிறது. துணைக்கான ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கும்போதும், இருவரின் வருமானமும் தேவையுமே முதன்மை என்றாலும், முறிவுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். மூன்றாம் நபரிடம் இழப்பீடு கோரவும் வழியுண்டு.

ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதைக் கூறும் 88ஆம் பிரிவில் பிள்ளையின் நலனே தலையாயது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானமும் அதிலேயே உண்டு. அதை மறுப்பவர் தக்க காரணம் காட்ட வேண்டும். தாயின் வேறு உறவால் பிள்ளை பட்டினி கிடந்தது, இரவில் தனியே விடப்பட்டது, புதிதாக வந்தவரால் அச்சத்துக்குள்ளானது என்றால் அது நிச்சயம் எடுபடும். வெறும் வாட்ஸ்அப் படங்களைக் கட்டுக்கட்டாக அச்சடித்துக் கொண்டுபோவதால் (அவற்றை உறவினர் குழுவில் பரப்பி, பிள்ளையின் கண்ணிலேயே படவைப்பவர்களும் இருக்கிறார்கள்) தாயின் பராமரிப்பு உரிமை தானாகப் பறிபோய்விடாது.

கோயில் தலைவர் சொல்லிவிட்டார் என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டால், பின்னாளில் நீதிமன்றம், பழகிய சூழலைக் குலைக்கத் தயங்கக்கூடும். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் முதலில் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகுவது நல்லது.