டைட்டிலில் பெயர் வர 50 வருஷம்

எலக்ட்ரானிக் இசையில் "மறக்கப்பட்ட பெண்கள்" என்று அடிக்கடி யாராவது பதிவு போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த "மறக்கப்பட்ட" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மறதி என்று சொல்லிவிட்டால் யார் மேலும் தப்பில்லை என்று ஆகிவிடுகிறது. பிபிசியில் எலக்ட்ரானிக் இசை உருவாக்கிய டீலியா டெர்பிஷயர் கதையில் மறதிக்கு வேலையே இல்லை. ஊழியர் பெயரைப் போடுவதில்லை என்று ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது, அதன்படி போடாமல் விட்டார்கள்.

இங்கிலாந்தில் கவென்ட்ரிக்காரர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். 1959-ல் டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை என்று நேராகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் பிபிசி. 1962-ல், நிகழ்ச்சிகளுக்கு எலக்ட்ரானிக் ஒலிகள் செய்துகொடுக்க அங்கிருந்த ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

1963-ல் டாக்டர் ஹூ என்ற பிபிசி டிவி தொடருக்கு டைட்டில் இசை வேண்டும். இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் மெட்டை எழுதி, மேகம், காற்று என்று சில குறிப்புகளோடு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அறையில் சிந்தசைசர் கிடையாது, பல ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கும் மல்டிடிராக் கிடையாது. இருந்தது கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த, மின்சாரத்தால் சத்தம் எழுப்பும் ஆஸிலேட்டர்கள், டேப் ரெக்கார்டர்கள், பிளேடு. ஒரே ஒரு கம்பியைச் சுண்டி அந்தச் சத்தத்தைப் பதிந்துகொண்டு, டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மற்ற ஸ்வரங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அளந்து வெட்டி ஒட்டினார். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வையுங்கள், கால் நொடி ஸ்வரத்துக்கு நாலு அங்குலம்கூட வராது. கேசட்டில் டேப் அறுந்தபோது பிளேடும் செலோடேப்பும் வைத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு ஒட்டு போடுவதற்குள் விரல் எப்படி நடுங்கும் என்று. இவர் முழுப் பாட்டையும் அப்படித்தான் கட்டினார், அங்கே கூட வேலை பார்த்த டிக் மில்ஸ் உதவினார். தனித்தனி டேப்புகளை ஒரே நேரத்தில் கையால் ஓடவிட்டுக் கலந்தபோது எங்கோ ஒரு ஸ்வரம் இடறியது. லண்டனில் அவர்கள் வேலை பார்த்த மெய்டா வேல் கட்டடத்தின் நீள வராந்தாவில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, எந்த ஒட்டு தள்ளி நிற்கிறது என்று கண்ணால் தேடிக் கண்டுபிடித்தார்கள்!

கிரெய்னர் வந்து கேட்டுவிட்டு, இதையா நான் எழுதினேன் என்றாராம். பெரும்பாலும் நீங்கள்தான் என்றாராம் டீலியா. மனுஷன் நியாயமானவர், இணை இசையமைப்பாளராக டீலியாவின் பெயரைப் போட்டு ராயல்டியிலும் பங்கு கொடுக்கப் பார்த்தார். பிபிசி விடவில்லை. திரையில் ஒர்க்‌ஷாப்பின் பெயர்தான் வந்தது. டீலியாவின் பெயர் வந்தது 2013-ல், தொடரின் 50-ஆம் ஆண்டு சிறப்புப் பகுதியில். அவர் இறந்து அப்போது 12 வருஷம் ஆகியிருந்தது.

சரி, டிக் மில்ஸ் பெயரும்தானே வரவில்லை, இதில் ஆண் பெண் எங்கே வந்தது என்று கமெண்டில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தாளில் ஸ்வரம் எழுதுபவர் கலைஞர், அந்தச் சத்தத்தையே உண்டாக்குபவர் ஊழியர் என்று கோடு போட்டாயிற்று இல்லையா, அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போகும் கதவெல்லாம் பெண்களுக்கு முன்பே சாத்தியிருந்தது. டெக்கா ஒரு கதவு. பிபிசியிலேயே வேலை பார்த்த டாஃப்னி ஓரம் என்ற பெண் இன்னொன்றில் முட்டினார். 1949-லேயே ஆர்கெஸ்ட்ராவையும் ரெக்கார்டு ஓட்டும் டர்ன்டேபிள்களையும் சேர்த்து ஒரு படைப்பு எழுதி பிபிசியிடம் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டார்கள். அது மேடையேறியது 2016-ல். அந்த ஒர்க்‌ஷாப்பை 1958-ல் தொடங்கிய இருவரில் ஒருவரே அவர்தான், ஒரு வருஷம்கூட இருக்காமல் வேலையை விட்டுவிட்டு கென்ட்டில் வீட்டிலேயே ஸ்டுடியோ போட்டு, 35 மி.மீ. ஃபிலிமில் கோடு வரைந்தால் அது ஒலியாக மாறும் இயந்திரத்தைக் கட்டினார். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

டீலியாவும் 1973-ல் பிபிசியை விட்டு வெளியேறினார். 2001-ல் அவர் இறந்த பிறகு வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். இப்போது அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.